கல்யாண வீட்டைத் தாண்டாத பகாம்

எங்கள் ஜெமே ஊரில் எதையும் ரகசியமாகப் பேசிவிட முடியாது. வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்பது ஒரு காரணம். பகாம் இன்னொரு காரணம்.

பகாம் என் பக்கத்து வீட்டுக்காரன். வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு, கழுதைமேல் ஏற்றி, மலையிலிருக்கும் மடத்துக்குக் கொண்டுபோகிறவன். எழுத்து வராது. பேரம் பேச வராது. ஆனால் காதில் ஒரு தடவை விழுந்த பேச்சு அவனை விட்டு ஜென்மத்துக்கும் போகாது. வார்த்தை மட்டுமா? நடுவில் வந்த இருமல், கொட்டாவி, மூக்குறிஞ்சல் எல்லாம் சேர்ந்தே வரும். ஒரு அறுவடைக் காலத்தில் நானும் என் புருஷனும் போட்ட சண்டையை, அடுத்த அறுவடையில் கிணற்றடியில் நின்று அப்படியே சொல்லிக் காட்டினான். என் பேச்சு வரும்போதெல்லாம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டான்.

"ஏன்டா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அவன் காதைப் பிடித்தேன்.

"என்னை ஏன் அக்கா வையறீங்க? நானா சொன்னேன்? நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

சண்டையில் ஜெயித்தது நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால் போனால் போகிறதென்று விட்டேன். சொல்லப்போனால் அவனிடம் விஷமம் கிடையாது. கேட்டதற்கெல்லாம் அர்த்தம் என்ன என்று யோசிக்கிற வழக்கமே அவனுக்கில்லை. மூட்டை சுமக்கிற கழுதை மூட்டையைப் பிரித்துப் பார்க்குமா?

கழுதை என்றதும் ஞாபகம் வருகிறது. அவன் கழுதையின் பெயர் பார்வோன். வேதத்தில் வரும் அந்த ராஜாவைப் போலவே என்ன வாதை வந்தாலும் மனம் இளகாது, நகராது. இதற்கு முன்னால் இருந்த கழுதைக்கும் அதே பெயர்தான், அதே குணம்தான். கழுதை மாறியதே தவிர, கழுத்தில் கட்டிய மணி மாறவில்லை. அந்த மணியைக் கட்டியது ஏனோக்கு.

ஏனோக்கு பகாமுக்கும் அவன் பெண்டாட்டி தாத்ரேவுக்கும் ஒரே பிள்ளை. நாலு வயதில் காய்ச்சல் வந்து கண் செருகிக் கிடந்தான். தாத்ரே மலைமடத்துப் புனிதரிடம் நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஆடு இருப்பவர்கள் ஆட்டை நேர்வார்கள், இல்லாதவர்கள் பிள்ளையை நேர்வார்கள். பிள்ளை பிழைத்தது. உடனே தூக்கிக் கொடுக்கப் பெற்ற மனம் கேட்குமா? நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்தார்கள். காய்ச்சல் திரும்பி வந்தது. பயந்துபோய், பகாம் பிள்ளையைக் கழுதைமேல் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் பிள்ளை குனிந்து குனிந்து மணியை ஆட்டிக்கொண்டே போயிற்று. திரும்பி வரும்போது பகாம் அந்த மணியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் என் வாசலில் நின்று பார்த்தேன்.

மடத்தில் ஒரு விதி. நேர்ந்துவிட்ட பிள்ளை பெற்றவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. எப்போதோ ஒரு தாய் தன் பிள்ளையைக் கூடையில் போட்டு, மேலே வெங்காயத்தைக் கொட்டி மூடி, தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாளாம். அன்றிலிருந்து இப்படி. பெண்கள் வாசல் பக்கமே போகக் கூடாது. தண்ணீர்க்காரன்கூடச் சுவருக்கு வெளியே நின்று, சுவரில் இருக்கும் துவாரத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். பிள்ளை குடிக்கிற தண்ணீரைத் தினம் அப்பன்தான் சுமந்துகொண்டு போகிறான், பிள்ளைக்கு மீசை முளைத்ததா என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு இதில் ரொம்பக் கோபம். யார்மேல் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

ரொட்டி சுட்டு விற்பது என் பிழைப்பு. ஒரு நாள் தாத்ரே ரொட்டி வாங்க வந்தாள். வாங்கிக்கொண்டு போகாமல், என் அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஊரே பழைய ராஜாக்கள் கட்டிய கோயிலுக்குள்தான் இருக்கிறது; என் சுவரில் செதுக்கிய ராஜா ஒருவன் கைதிகளின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். என் அடுப்புப் புகையில் அவன் மூஞ்சி கறுத்துப் போய் வெகுநாளாயிற்று.

"அக்கா, நம்ம கோயில் தியாக்கோன் செத்துப் போயிட்டாரே, அந்த இடத்துக்கு யாரு வர்றா?"

"யாரோ வரட்டும். நமக்கென்ன?"

"தியாக்கோன்னா, மடத்துத் திருநாளன்னிக்கு உள்ளே போவாங்க, இல்ல? பலிபீடத்துக்கிட்ட நின்னு கிண்ணம் பிடிப்பாங்க. துறவிங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க."

"ஆமா. அதுக்கு?"

"எங்க வீட்டுக்காரரு அந்த இடத்துக்கு நிக்கட்டுமே."

நான் சிரித்த சிரிப்பில் மாவு மூக்கில் ஏறிவிட்டது. "கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு கேள்விப்பட்டிருக்கேன். கழுதைக்காரன் கெட்டா பலிபீடமாடி?"

தாத்ரே சிரிக்கவில்லை. "உள்ளே போய் ஒரே ஒரு தடவை அவனைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொன்னாப் போதும் அக்கா. அவரு சொன்னா நானே பார்த்த மாதிரிதான். உங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்குச் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. தெரியாமல் என்ன? அவனுடைய வாயில் நான் என்னையே பார்த்தவள் ஆயிற்றே.

தியாக்கோன் ஆக விரும்புகிறவனுக்கு எங்கள் ஆயர் ஒரே ஒரு சோதனை வைத்திருந்தார். இயேசுவின் கதையைச் சொல்லும் நற்செய்தி ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். நோன்பிருக்கும் தவக்காலம் முழுவதும் படிக்கலாம். உயிர்ப்புத் திருநாள் முடிந்த வாரம் ஆயர் வருவார், ஊர் முன்னால் நிற்கவைத்துக் கேட்பார்.

பகாம் எங்கள் குருவானவர் பிக்தோரிடம் போய், "சாமி, ஒரே ஒரு தடவை எனக்குப் படிச்சுக் காட்டினாப் போதும்" என்று கேட்டான்.

"நோன்பு வயித்தோட அத்தனையும் உனக்குப் படிச்சுக் காட்டினா, ஆண்டவர் உயிர்த்தெழுவாரு, நான் படுத்துருவேன். போடா" என்று அவர் அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் பகாமுக்கு அப்பா ஹோர் ஞாபகம் வந்தது. துறவிகளையும் ஆயரையும் நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா ஹோர் மடத்து மதிலுக்குள், ராஜா காலத்துப் பெரிய மனிதன் ஒருவனின் கல்லறையில் குடியிருக்கும் தவசி. தவக்காலத்தில் வேதம் ஓதுவதற்கு மட்டுமே வாய் திறப்பது என்று விரதம். பகல் முழுக்க ஓலை முடைந்துகொண்டே நற்செய்தியை ராகம் போட்டு ஓதுவார். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஓதி, தவக்காலம் முடியும்போது நற்செய்தியையும் முடிப்பார். தண்ணீர்த் துவாரம் அவர் முற்றத்தில்தான் திறக்கும். உள்ளே ஓதினால் வெளியே கணீரென்று கேட்கும். பகாம் தண்ணீரை ஊற்றினான், பார்வோனை நிழலில் நிறுத்தினான், துவாரத்தில் காதை வைத்தான்.

தினமும் இதே கதைதான். போனவன் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஊர் சும்மா இருக்குமா? "என்ன தியாக்கோன் சாமி, உங்க கழுதைக்கு எப்போ ஞானஸ்நானம்?" என்று வெங்காய வியாபாரி கேட்டான்.

"அதுக்கு அவசரமில்லை. உங்களைவிட ஒழுங்கா நோன்பு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான் பகாம்.

ஒரு நாள் ரொட்டி வாங்க வந்தவன், "அக்கா, வேதத்துல பருப்பைப் பத்தி எவ்வளவு வருது தெரியுமா? எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றான்.

"வேதத்துல இல்லாதது என்னடா இருக்கு?" என்றேன் நான்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று திருப்தியாகப் போய்விட்டான்.

உயிர்ப்புத் திருநாள் போயிற்று, ஆயர் வந்தார். அந்த ராஜா காலத்துக் கோயிலின் முற்றத்தில் தூண்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் கோயிலில் ஊரே கூடிவிட்டது. விரதம் முடிந்ததால் அப்பா ஹோரும் மலையிலிருந்து இறங்கி வந்து ஆயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் புருஷனின் நல்ல அங்கியைப் பகாமுக்குப் போட்டு அனுப்பியிருந்தேன். அது அவன் முழங்காலோடு நின்றுவிட்டது. தாத்ரே பெண்கள் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பகாம் கண்ணை மூடி ஆரம்பித்தான். அடேயப்பா! அவன் குரலா அது? அச்சு அசலாக அப்பா ஹோரின் குரல், அதே ராகம், அதே நடுக்கம். வெங்காய வியாபாரி வாயைப் பிளந்தான். குருவானவர் பிக்தோர் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார். அப்பா ஹோருக்குப் பெருமை தாங்கவில்லை, தாடியைத் தடவிக்கொண்டார்.

கல்யாண வீடு வந்தது. திராட்சரசம் தீர்ந்துபோய், தாய் மகனிடம் வந்து சொல்கிற இடம். பகாம் உருகி உருகி ஓதினான். உருக்கம் குறையாமல், ராகம் மாறாமல், "ரெண்டு மேலே... ஒண்ணு கீழே... இழுத்துப் பிடி... ஓலை காஞ்சு போச்சே, தண்ணி தெளி..." என்றும் ஓதினான்.

பிக்தோர் தூக்கத்திலேயே "ஆமென்" என்றார்.

ஆயர் கையைத் தூக்கினார். "நில்லு, நில்லு. இப்போ சொன்னதை மறுபடி சொல்லு."

பகாம் மறுபடி சொன்னான். முதலில் விட்டுப்போன ஒரு செருமலையும் சேர்த்துச் சொன்னான்.

"இழுத்துப் பிடின்னு எங்கே வருது?"

"கல்யாண வீட்டுல அப்பா. பந்தல் போடறாங்க போலிருக்கு."

"ஓலை காஞ்சு போச்சுங்கிறது?"

"பந்தல் ஓலைதான்."

ஆயர் அவனைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அப்பா ஹோர் தாடியைத் தடவுவதை நிறுத்தியிருந்தார். "சரி, மேலே சொல்லு" என்றார் ஆயர்.

ஒரு பெரிய மனிதர் இருட்டில் ஒருவருக்கும் தெரியாமல் பார்க்க வருகிற இடத்தில், "ஐயோ என் இடுப்பு, ஆண்டவரே என் இடுப்பு" வந்தது. கிணற்றடியில் தண்ணீர் கேட்கிற இடத்தில், "பாவி, மறுபடியும் பருப்பைக் கருக்கிட்டான்... இதைக் கழுதை தின்னுமா..." வந்தது. பெண்கள் பக்கத்தில் முக்காட்டை வாயில் திணித்துக்கொள்ளாதவர்கள் இல்லை. அப்புறம் ஐந்து ரொட்டியைப் பங்கிட்டுக் கூட்டத்துக்கெல்லாம் கொடுக்கிற இடம். பகாம் இரண்டு கையையும் விரித்து ஓதினான்: "ஆயர் அனுப்பின பேரீச்சம்பழம்... அவரு பிரசங்கம் மாதிரியே இருக்கு... மெல்ல மெல்ல முடியவே மாட்டேங்குது..."

அப்பா ஹோர் தலைத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆயர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "அப்பா ஹோர், தவக்காலத்துல வேதம் ஓதறதுக்கு மட்டும்தான் வாய் திறப்பேன்னு என்கிட்ட சொல்லலை?"

"ராகம் மாறலையே அப்பா" என்று துணிக்குள்ளிருந்து பதில் வந்தது.

ஆயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே பார்க்க வேண்டும்! அவர் சிரித்ததும் ஊர் சிரித்தது, தூணிலிருந்த புறாவெல்லாம் பறந்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்: துணிக்குள் இருந்த அப்பா ஹோர், என் கையைப் பிடித்திருந்த தாத்ரே, கண்ணை மூடிக்கொண்டு நின்ற பகாம். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், தோற்றுவிட்டோம் என்று பகாமுக்குத் தெரிந்துவிட்டது. வேறென்ன செய்வான்? வேகவேகமாக மேலே ஓதிக்கொண்டே போனான். விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயம். ஆடுகளுக்கு மேய்ப்பன் குரல் தெரியும், குரல் கேட்டதும் பின்னாலேயே வரும் என்கிற இடத்துக்கு வந்துவிட்டான்.

"...கழுதை மணி கேட்டாப் போதும்... அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடிடறான்... சுவத்துல காதை வெச்சுக்கிட்டு நிக்கிறான்... பருப்பு கருகாம என்ன செய்யும்..."

"எந்தக் கழுதை?" என்று ஒரு சத்தம். கோயிலில் பெண்கள் சத்தம் போடுவது எங்கள் ஊரில் கிடையாது. தாத்ரே என் கையை உதறிவிட்டு முன்னால் போய் நின்றாள். "எந்தக் கழுதை மணி? சொல்லுங்க அப்பா, யாரு ஓடறது?"

ஆயர் சிரிப்பை நிறுத்தினார். "அப்பா ஹோர், யார் அது?"

அப்பா ஹோர் துணியை விலக்கினார். இனி மறைக்க அவருக்கு என்ன இருக்கிறது? "ஏனோக்கு. சின்னதுல நேர்ந்துவிட்ட பையன். எனக்குச் சமைச்சுப் போடறான். பேருதான் சமையல். தண்ணிக் கழுதை மணி கேட்டுதுன்னா அவனைப் பிடிக்க முடியாது, சுவத்தோட ஒட்டிக்குவான். எட்டிப் பார்க்க மாட்டான், விதி தெரிஞ்ச பிள்ளை. கழுதை போனதும் வந்துருவான். இந்தத் தவக்காலத்துல என்ன கேடோ, அந்தக் கழுதைக்காரன் தண்ணியை ஊத்திட்டுப் போகவே மாட்டேங்கிறான். வெளியே உக்காந்தவன் உக்காந்தபடி இருக்கான், உள்ளே இவனும் நின்னபடி நிக்கிறான். ஒரு வேளைகூட நான் நல்ல பருப்பு சாப்பிடலை."

பகாம் கண்ணைத் திறந்தான். சுமந்து வந்த மூட்டையை ஆயுளில் முதல் தடவையாகப் பிரித்துப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பக்கம் நின்னது அவனா?" என்றான். அப்பா ஹோரின் குரல் இல்லை, அவனுடைய சொந்தக் குரல்.

தாத்ரே அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "பருப்பு வேகறதுக்கு முதல்லயே தண்ணி நிறைய வைக்கணும்னு அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க? கரண்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தீங்களா? தாயில்லாப் பிள்ளையா வளர்த்துட்டு, கருக்கிட்டான்னு வேதத்துல வேற சேர்த்துச் சொல்றீங்களே!"

எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் இரண்டையும் செய்தேன். ஆயர்கூட அங்கி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். "பகாம், உன்னைத் தியாக்கோன் ஆக்க முடியாது. நீ பருப்போட கல்லையும் சேர்த்து முழுங்கி வெச்சிருக்கே."

"தெரியுது அப்பா" என்றான் பகாம் தலையைக் குனிந்துகொண்டு.

"கல்லை ஒவ்வொண்ணா பொறுக்கணும். யார் பொறுக்கறது? அப்பா ஹோருக்கு வாய் சரியில்லை. பிக்தோருக்குத் தூக்கம் சரியில்லை. அந்த ஏனோக்குக்கு நற்செய்தி தெரியுமா?"

"தலைகீழாத் தெரியும். சமையல்தான் தெரியாது" என்றார் அப்பா ஹோர்.

"அப்போ தினம் தண்ணியை ஊத்திட்டு, உள்ளே போய் அவன்கிட்ட உக்காந்து கத்துக்கோ. பெத்தவங்களா வந்து முகம் பார்க்கக் கூடாதுன்னுதான் விதி. வேதம் கத்துக்க வர்றவனை எந்த விதியும் தடுக்கலை. ஒரு எழுத்துப் பிசகாம ஒப்பிக்கிற வரைக்கும் உனக்குக் கதவு திறந்திருக்கும். நான் வருஷா வருஷம் வந்து கேட்பேன்."

இதெல்லாம் நடந்து ஆற்றில் எத்தனையோ வருஷத்து நீர்ப்பெருக்கு வந்து வடிந்துவிட்டது. தியாக்கோன் இடத்துக்கு வெங்காய வியாபாரியின் மருமகன் வந்து, இப்போது அவனுக்குத் தொப்பையும் விழுந்துவிட்டது. பகாம் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். என் சண்டையை ஒரே தடவை கேட்டு, ஒரு வருஷம் கழித்து மூக்குறிஞ்சலோடு ஒப்பித்தவனுக்கு இப்போது மூளை மழுங்கிவிட்டதாம்.

ஒவ்வொரு வருஷமும் ஆயர் வந்து கேட்கிறார். "எதுவரைக்கும் வந்திருக்கே?"

"கல்யாண வீட்டுலதான் இருக்கேன் அப்பா. தாண்ட முடியலை."

"கல்யாணத்துல என்ன அவசரம்? நிதானமா இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

அப்பா ஹோர் சதை போட்டுவிட்டார். பருப்பு இப்போது கருகுவதில்லை. தாத்ரே சொல்லி அனுப்புகிற பக்குவம் ஒரு வார்த்தை குறையாமல் மலைக்குப் போய்விடுகிறது. திரும்பி வருகிற மூட்டையும் குறைவதில்லை. சாயங்காலம் நான் அடுப்பை அணைக்கிற நேரத்தில், பக்கத்து வீட்டில் பகாம் பேசுவது கேட்கும். அவன் குரல் இல்லை, இளவட்டக் குரல் ஒன்று. நான் வேண்டுமென்று கேட்பதில்லை. சுவர் மெல்லிசு.

நேற்றும் கேட்டது.

"'அம்மா சொன்ன மாதிரியே வெங்காயத்தைக் கடைசியில போட்டேன், நல்லா இருந்துச்சு'ன்னான். அப்புறம் தும்மினான்."

"எப்படித் தும்மினான்?" என்றாள் தாத்ரே.

பகாம் தும்மிக் காட்டினான்.

"இன்னொரு தடவை" என்றாள்.